ஓட்டத்துக்கு இலக்கு வைப்பது எப்படி: வாரத்திலிருந்து தொடங்குங்கள்

ஓட ஆரம்பித்த ஒரு மாதத்துக்குள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்கிறோம். பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள், இல்லையென்றால் அரை மாரத்தானை, அதாவது சுமார் 21 கிலோமீட்டரை, இரண்டு மணி நேரத்துக்குள். எண் வந்தவுடன் ஒவ்வொரு நாள் ஓட்டமும் அதற்கான பரீட்சையாகிவிடுகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன்: மூன்று மாதம், பத்து கிலோமீட்டர், 60 நிமிடம். அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம். ஆகவே வாசலை விட்டு இறங்கினால் 6 நிமிட வேகம், சோர்வாக இருந்தாலும் அதே வேகம், சரியாகத் தூங்காத நாளிலும் அதே. ஏழாவது வாரம் கணைக்கால் எலும்பின் உள்பக்கம் தொட்டாலே வலித்தது. அப்புறம் ஆறு வாரம் ஓடவே முடியவில்லை.

திரும்பி வந்தபோது வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு இலக்கு வைத்தேன்: எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளும் மூச்சு முட்ட ஓடுவதில்லை. அதை முடித்துவிட்டு இன்னும் எட்டு வாரம் நீட்டினேன். அந்த 60 நிமிடம் அதற்குப் பிறகு பெரிய போராட்டம் இல்லாமலே வந்தது. அதனால்தான் புதிதாக ஓட வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்: இந்த வாரம் எத்தனை நாள் ஓடுவீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது, அதை இலக்காக வையுங்கள். எத்தனை நிமிடத்தில் முடிப்பீர்கள் என்பதை உங்கள் கால்களே பின்னால் சொல்லும்.

ஏற்கெனவே இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தாலோ, பல வருடம் உடற்பயிற்சியே இல்லாமல் இருந்தாலோ, முதலில் ஒரு மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி கேளுங்கள்.

முதல் எட்டு, ஒன்பது வாரம்

ஓடியே பழக்கமில்லை என்றால் நடையும் ஓட்டமும் கலந்து தொடங்குவதுதான் சரி. 1996-இல் ஜோஷ் கிளார்க் என்பவர் உருவாக்கிய 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு) திட்டம் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது என்றால் அதன் எளிமைதான் காரணம். ஐந்து நிமிட வேக நடையோடு தொடங்கி, 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. ஓடும் நேரம் வாரா வாரம் கொஞ்சம் கூடும், ஒன்பது வாரத்தில் நிற்காமல் அரை மணி நேரம் ஓடுகிற அளவுக்கு வந்துவிடலாம். ஒரு வாரம் கடினமாகத் தெரிந்தால் அதே வாரத்தை இன்னொரு முறை செய்யுங்கள், தப்பே இல்லை. பதினான்கு வாரம் எடுத்துக்கொண்டு முடித்தவரும் முடித்தவர்தான்.

நடந்தால் அது ஓட்டமாகாது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, இடையிடையே திட்டமிட்டு நடப்பதை ஒரு முறையாகவே மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அப்படி ஓடியே முழு மாரத்தான் முடித்தவர்கள் ஏராளம்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக?

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பக்கத்தில் ஒருவர் ஓடிவருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அது ஈஸி ரன். மூன்று நான்கு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் வேகம் அதிகம். தனியாக ஓடினால் ஏதாவது ஒரு செய்யுளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், போதும். இதயத் துடிப்பைக் காட்டும் வாட்ச் இருந்தால் பயன்படுத்தலாம், ஆனால் '220 கழித்தல் வயது' என்ற கணக்கை வேதவாக்காக எடுக்காதீர்கள். அது ஒரு சராசரிதான், நிறையப் பேருக்குப் பத்துத் துடிப்புக்கு மேலேயே மாறும்.

மெதுவாக ஓடினால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது, தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரித்துச் சக்தியாக்கும் திறன் வளர்கிறது. இவ்வளவுக்கும் மூச்சு முட்ட வேண்டியதில்லை, நேரம்தான் வேண்டும். இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். இரண்டாவது மாதத்தில் திடீரென்று பறக்கிற மாதிரி இருக்கும், இன்னும் வேகமாகப் போகலாம் என்று மனம் சொல்லும். மூச்சு தயாராகிவிட்டது, கால் தயாராகவில்லை. என் கணைக்கால் வலித்ததும் சரியாக இந்த இடைவெளியில்தான்.

தூரத்தைக் கூட்டுவது

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். கெட்ட ஆலோசனை இல்லை, ஆனால் அது ஒரு காப்பு மந்திரமும் இல்லை. நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களை வைத்து நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து சதவீத விதிப்படி 13 வாரம் மெதுவாகக் கூட்டியவர்கள் ஒரு பக்கம், 8 வாரத்தில் வழக்கமான திட்டத்தை முடித்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். சதவீதக் கணக்கு மட்டும் யாரையும் காப்பாற்றவில்லை.

அதனால் நான் செய்வது வேறு. மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவேன், நான்காவது வாரம் கால் பங்கு குறைத்துவிடுவேன், கால் நன்றாக இருந்தாலும் குறைப்பேன். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்ட மாட்டேன். அப்புறம் ஒரு நோட்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எத்தனை நிமிடம் ஓடினேன், எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண், இரண்டையும் எழுதிப் பெருக்குவேன். 40 நிமிடம், கடினம் 3 என்றால் 120. அதே 40 நிமிடம் கடினம் 7 என்றால் 280. தூரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே ஓட்டம், உடலுக்கு அப்படி இல்லை. வாரக் கூட்டுத்தொகை திடீரென்று எகிறியிருந்தால் அடுத்த வாரம் அடக்கி வாசிக்க வேண்டும் என்பது நோட்டிலேயே தெரிந்துவிடும்.

அரை மணி நேரம் நிற்காமல் ஓட வந்துவிட்ட பிறகு, வாரம் நான்கு நாள் என்றால் என் வாரம் இப்படி இருக்கும்: இரண்டு நாள் ஈஸி ரன், ஒரு நாள் கொஞ்சம் வேகம், ஒரு நாள் நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டமும் பேசிக்கொண்டே ஓடும் வேகம்தான். வேக நாளுக்கு மைதானமும் விசிலும் தேவையில்லை. 1930-களில் ஸ்வீடனில் கோஸ்டா ஹோல்மர் சொல்லிக்கொடுத்த 'ஃபார்ட்லெக்' போதும், அந்தச் சொல்லுக்கே வேக விளையாட்டு என்றுதான் பொருள். எதிரே தெரியும் மரம் வரை வேகமாக, மூச்சு அடங்கும் வரை மெதுவாக, திரும்பவும் ஒரு வளைவு வரை வேகமாக. வாரத்தில் இரண்டு முறை கெண்டைக்கால் பயிற்சியும் செய்யுங்கள், ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, மெதுவாக, 15 முறை. பார்க்க ஒன்றுமில்லாத பயிற்சி, ஆனால் ஓடுகிற காலுக்கு இதைப்போல உதவுவது வேறில்லை என்பது என் அனுபவம்.

ஷூவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கால் விரல்களின் முனைக்கு முன்னால் ஒரு கைக் கட்டை விரல் அகலம் இடம் இருக்கட்டும், மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பாருங்கள், போட்டவுடனே சுகமாக இருப்பதை வாங்குங்கள்.

நேர இலக்கை எப்போது, எப்படி வைப்பது

மூன்று மாதம் இடைவெளி இல்லாமல் ஓடியாகிவிட்டதா? சரி, இப்போது எண்ணைப் பற்றிப் பேசலாம். பழக்கமான சமதளப் பாதையில் 5 கிலோமீட்டரை உங்களால் முடிந்த நல்ல வேகத்தில் ஒரு முறை ஓடி நேரம் பாருங்கள். அதிலிருந்து மற்ற தூரங்களைக் கணிக்க பீட்டர் ரீகல் என்பவர் 1977-இல் ஒரு சூத்திரம் கொடுத்தார்: தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அந்த எண்ணை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, பழைய நேரத்தோடு பெருக்க வேண்டும். கையால் போட வேண்டாம், இணையத்தில் கால்குலேட்டர்கள் இருக்கின்றன. உங்கள் 5 கிலோமீட்டர் 30 நிமிடம் என்றால், பத்து கிலோமீட்டர் சுமார் 62 நிமிடம் 30 விநாடி, அரை மாரத்தான் சுமார் 2 மணி 18 நிமிடம், முழு மாரத்தான் சுமார் 4 மணி 48 நிமிடம் என்று வரும்.

கவனியுங்கள், கடைசி எண்ணை நம்பிவிடாதீர்கள். வாரத்துக்கு 30, 40 கிலோமீட்டர் ஓடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு முழு மாரத்தானில் இந்தச் சூத்திரம் பெரும்பாலும் ஆசை காட்டும். 42.195 கிலோமீட்டரில் தசையில் சேமித்த சர்க்கரை தீர்ந்துபோகும் கட்டம் ஒன்று வருகிறது, அதை 5 கிலோமீட்டர் நேரத்தால் கணிக்க முடியாது. பத்து கிலோமீட்டருக்கும் அரை மாரத்தானுக்கும் ஓரளவு நம்பலாம்.

முழு எண்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஏறக்குறைய ஒரு கோடி மாரத்தான் நேரங்களைப் பொருளியலாளர்கள் அலசியபோது, 3 மணி, 3:30, 4 மணி ஆகியவற்றுக்குச் சற்று முன்னால் ஓட்டக்காரர்கள் குவிந்து கிடந்தார்கள். முழு எண் கண்ணுக்குத் தெரிந்தால் கடைசி இரண்டு கிலோமீட்டரில் கால் தானாக முடுக்கிவிடுகிறது. போட்டி நாளின் முடிவில் அது நல்ல உந்துதல். ஆனால் மூன்று மாதப் பயிற்சியை அந்த எண்ணை வைத்துத் திட்டமிட்டால், அரை மாரத்தானுக்கு உங்கள் உடலின் நிலை 2 மணி 11 நிமிடமாக இருக்கும்போது 2 மணிக்காரரின் பயிற்சியைச் செய்துகொண்டிருப்பீர்கள்.

போட்டிக்கு நான் மூன்று இலக்கு எழுதிவைப்பேன். எல்லாம் கூடிவந்தால் ஒரு நேரம், சாதாரண நாளாக இருந்தால் ஒரு நேரம், மூன்றாவதில் நேரமே இருக்காது: கடைசி மூன்று கிலோமீட்டரை நடக்காமல் ஓடி முடிப்பது. வெயில் கடுமையாக இருந்தால் முதல் இலக்கைத் தொடக்கக் கோட்டுக்குப் போகும் முன்பே கைவிட்டுவிடுவேன். வெப்பத்துக்கு உடல் பழகவே பத்துப் பதினான்கு நாள் ஆகும், மன உறுதியால் அதைச் சரிக்கட்ட முடியாது. தண்ணீர் விஷயத்திலும் அளவு வேண்டும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது, அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். தாகம் எடுக்கும்போது குடியுங்கள்.

வலியும் விடுபட்ட நாட்களும்

மறுநாள் தொடை முழுக்கப் பரவலாக வலித்தால் அது பயிற்சியின் வலி, இரண்டு நாளில் போய்விடும். ஒரு விரலால் இதோ இங்கே என்று தொட்டுக் காட்ட முடிகிற வலி, அதுவும் எலும்பின் மேல், வேறு வகை. ஓட ஓடக் கூடுகிற வலி, நொண்ட வைக்கும் வலி, இரவில் படுத்த பிறகும் இருக்கும் வலி, இவற்றோடு ஓடவே கூடாது, மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போய்விட வேண்டும். நான் இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டு ஓடியதால்தான் ஆறு வாரம் போனது. முதல் நாளே நின்றிருந்தால் சில நாட்களோடு போயிருக்கும் என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

காய்ச்சல், வேலை, பயணம் என்று ஒரு வாரம் விட்டுப்போனால் பயப்பட ஒன்றுமில்லை, அத்தனை சீக்கிரம் எதுவும் கரைந்துவிடாது. காய்ச்சல் முழுமையாக விட்ட பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். மூன்று வாரம் போயிருந்தால் பாதி தூரத்திலிருந்து தொடங்குங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரே வாரத்தில் ஆறு நாள் ஓடுவதை மட்டும் செய்ய வேண்டாம்.

இலக்கை எட்டிய மறுநாள் இருக்கிறதே, அது கொஞ்சம் ஆபத்தான நாள். உற்சாகத்தில் உடனே அடுத்த தூரத்துக்குப் பெயர் கொடுக்கத் தோன்றும். பத்து கிலோமீட்டர் முடித்தவர் அரை மாரத்தானுக்குப் போயே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஐந்து கிலோமீட்டரையே பல வருடம் மகிழ்ச்சியாக ஓடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள், அதுவும் முழுமையான ஓட்ட வாழ்க்கைதான். போட்டி முடிந்து ஒரு வாரம் நடங்கள், அடுத்த வாரம் வாட்ச் இல்லாமல் இரண்டு மூன்று முறை மெதுவாக ஓடுங்கள், நோட்டில் நிமிடத்தையும் மதிப்பெண்ணையும் எழுதுங்கள். அந்த மதிப்பெண்கள் பழையபடி இரண்டு, மூன்றுக்கு இறங்கிய பிறகு அடுத்த எட்டு வாரத்தைத் திட்டமிட உட்காருங்கள்.