நூதனசாலையில் கொப்பியை மூடி வையுங்கள்

விடிய நாலு மணிக்கு ஹட்டனில் பஸ் ஏறுகிறோம். கினிகத்தேனை வளைவுகளில் இரண்டு பேருக்கு வாந்தி. அவிசாவளை வந்ததும் வெயில். பத்து மணி போல் கொழும்பு தேசிய நூதனசாலைக்குள் நுழைந்ததும் நாற்பது பிள்ளைகளும் ஒரே வேலையைச் செய்கிறார்கள்: கொப்பியைத் திறந்து, கண்ணாடிப் பெட்டியின் கீழே உள்ள லேபிளைப் பார்த்து எழுதுகிறார்கள். எழுதி முடித்ததும் அடுத்த பெட்டிக்கு ஓட்டம். நூதனசாலையின் காப்பாளர் பக்கத்தில் நின்று சிலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்பதற்குத்தான் ஆள் இருக்காது.

நான் சித்திரம் படிப்பிக்கிறவன். பல வருடங்கள் இந்தக் கொப்பி வேலையைக் கொடுத்தவனும் நான்தான். அதனால் இங்கே சொல்லும் தவறுகளில் பாதி என் சொந்தக் கணக்கு.

லேபிளில் இருப்பது பெயர், காலம், கிடைத்த இடம். அதைப் போனில் படமெடுத்துக்கொண்டு வீட்டில் எழுதலாம். படமெடுக்க அனுமதி உண்டா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். லேபிளில் இல்லாததைச் சொல்லத்தான் காப்பாளர் கூட வருகிறார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வாயைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அவர் காட்டும் பொருளைப் பார்க்க வேண்டும். அப்போது கொப்பிக்கு வேலை இல்லை.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு கூடத்தையாவது விடுவதா என்று மனசு கேட்காது. மலையிலிருந்து போகிறவர்களுக்கு இந்த ஆசை கொஞ்சம் அதிகம், பஸ் காசு அப்படி. ஆனால் 1877இல் திறந்த நூதனசாலை அது. ஒன்றரை நூற்றாண்டாகச் சேர்ந்ததை இரண்டு மணி நேரத்தில் கால்தான் பார்க்கும், கண் பார்க்காது. முன்கூட்டியே கடிதம் எழுதும்போது "எங்களுக்கு ஐந்து பொருட்களை மட்டும் விளக்குங்கள்" என்று கேட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் அந்த ஐந்தில் முதலாவது பொலன்னறுவை வெண்கலங்கள். 1907ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்குள்ள சிவ தேவாலயத்தைத் தோண்டியபோது நடராசர், பார்வதி, நாயன்மார் என்று வரிசையாகக் கிடைத்தவை. பெரும்பாலானோர் நடராசர் முன்னால் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, திருநீறு இல்லையே என்ற குறையோடு நகர்ந்துவிடுவார்கள். சிலர் இதற்கு நேர்மாறு. "இது கலைப்பொருள், சாமி இல்லை" என்று பிள்ளைகளை அதட்டுவார்கள். இரண்டு பேரும் ஒன்றைத் தவற விடுகிறார்கள். பீடத்தைப் பார்ப்பதில்லை.

இந்த வகை உற்சவ மூர்த்திகளின் பீடத்தில் பொதுவாகத் துளைகளோ வளையங்களோ இருக்கும். அவற்றில் கம்பு கோத்து, கட்டி, தூக்கிக்கொண்டு வீதி வலம் போவதற்காக. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அம்மன் லயம் லயமாக, தொழிலாளர் வரிசை வீடுகள் ஒவ்வொன்றின் முன்னாலும், வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? அந்த நடராசரும் ஒரு காலத்தில் பட்டுக் கட்டி, மாலை போட்டு, யாரோ சிலரின் தோளில் ஏறிப் போனவர்தான். கண்ணாடிக்குள் நகை இல்லாமல், துணி இல்லாமல் நிற்பதால்தான் வார்த்தவன் கை நமக்குத் தெரிகிறது. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும். ஆகவே ஒரு அச்சில் ஒரு சிலைதான், இரண்டாவது கிடையாது. "சேர், இது உள்ளே கெட்டியா, பொள்ளலா?" என்று காப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் முகம் மாறும். அப்படியொரு கேள்விக்காக அவர் பல மாதம் காத்திருந்திருப்பார்.

இதே இடத்தில் இன்னொரு வழுக்கல் உண்டு. "இது எங்கள் ஆட்கள் செய்தது" என்று தொடங்கி வாக்குவாதத்தில் முடிவது. இவை சோழநாட்டிலிருந்து வந்தவையா, இங்கேயே வார்த்தவையா என்று அறிஞர்களே நீண்ட நாளாக விவாதிக்கிறார்கள். "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் உலோகம், பாணி, கிடைத்த இடம் என்று நல்ல பேச்சு வளரும். "யாருடையது?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பேச்சு என்றதும் மொழி நினைவுக்கு வருகிறது. மலையகத்திலிருந்து போகும் குழுக்கள் வாயே திறக்காமல் திரும்புவதற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை, கூச்சம். காப்பாளர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசுவார் என்ற பயம். தமிழில் விளக்கம் வேண்டும் என்று முன்பே எழுதிக் கேட்பது தவறே இல்லை. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். ஆள் கிடைக்காவிட்டால் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். புரிந்தது போல் தலையாட்டுவதுதான் மோசம். எல்லோரும் தலையாட்டினால் அவரும் வேகமாக முடித்துவிடுவார்.

கூச்சம் போக ஒரு குறுக்குவழி இருக்கிறது. இதே நூதனசாலையில் உள்ள, காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டின் முன்னால் பிள்ளைகளை நிறுத்துங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணங்களோடு வந்த கல் அது, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீன மொழிப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கும், தமிழ்ப் பகுதி தெற்குக் கரையின் தெவுந்தரையில் கோயில் கொண்ட தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் காணிக்கை சொல்கிறது. அறுநூறு வருடத்துக்கு முன் சீனாக்காரர் தமிழில் எழுத வைத்திருக்கிறார். நாம் தமிழில் ஒரு கேள்வி கேட்கத் தயங்குகிறோம்.

அப்புறம், "இது அசலா?" என்ற கேள்வியை மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். கொழும்பில் காணும் தாரா தேவி என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் சிலை நகல். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்த, பொன்முலாம் பூசிய, 143 சென்டிமீட்டர் உயர அசல் லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1830இல் அதைக் கொடுத்தவர் ரொபர்ட் பிரவுன்றிக். 1815இல் கண்டி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது அவர்களின் ஆளுநராக இருந்த அதே ஆள்.

கண்டிக்காரர்கள் இதில் இன்னும் ஆழமாகக் கேட்கலாம். ஒல்லாந்தர் 1693இல் கண்டி அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த சிம்மாசனம் 1815இல் இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது போன, லெவ்கே திசாவை என்ற கண்டிப் பிரதானியின் பீரங்கியும், வாள்களும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து 2023இல்தான் திரும்பின. பொருளின் அழகை மட்டும் கேட்டுவிட்டு, அது போய்வந்த வழியைக் கேட்காமல் விடுவது பாதிக் கதை.

கொழும்பு தூரம் என்றால் கண்டியிலேயே தலதா மாளிகை வளாகத்தில் சர்வதேச பௌத்த நூதனசாலை இருக்கிறது, 2011இல் திறந்தது. 17 நாடுகளின் பகுதிகள். "எல்லாம் புத்தர் சிலைதானே" என்று பத்து நிமிடத்தில் வெளியே வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முகத்தை விட்டுவிட்டுத் தலைமுடியையும் துணி மடிப்பையும் கையையும் பாருங்கள். காந்தாரப் பாணியில் அலையலையான முடி, கிரேக்கச் சாயலில் கனத்த மடிப்பு. இலங்கைப் பாணியில் சுருள் முடிக்கு மேலே தீச்சுடர். பூமியைத் தொடும் கை ஒன்று, அபயம் காட்டும் கை ஒன்று. ஆசியாவின் பாதியை ஒரே கட்டிடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. ஒன்று மட்டும்: புத்தருக்கு முதுகைக் காட்டி செல்பி எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆசியக் கலையை மேற்கு நாடுகளுக்குப் புரிய வைத்தவர்களில் முன்னணிக் காப்பாளர் ஒருவர் இந்தக் கண்டிக் கிராமங்களில் நடந்து திரிந்தவர்தான். ஆனந்த குமாரசுவாமி, தந்தை தமிழர், கொழும்பு நூதனசாலை திறந்த அதே 1877இல் பிறந்தவர். கனிமங்களை ஆராய வந்த புவியியலாளர், கொல்லரையும் தச்சரையும் கவனிக்கத் தொடங்கி 1908இல் கண்டியக் கைவினைகள் பற்றிப் பெரிய நூல் எழுதினார். 1917இல் பொஸ்டன் நூதனசாலைக்குப் போனார். படிப்பு வேறு, பார்வை வேறு என்று நினைக்கும் பெற்றோரிடம் இவரைப் பற்றிச் சொல்லுவேன்.

சின்னச் சின்ன விஷயங்கள்: தொடக் கூடாது, விரலின் வியர்வையும் உப்பும் வெண்கலத்தை அரிக்கும். பிளாஷ் வேண்டாம். துணியும் ஓலைச்சுவடியும் உள்ள கூடம் இருட்டாக இருந்தால் "பல்பு போயிற்று" என்று முணுமுணுக்காதீர்கள். வெளிச்சத்தில் சாயம் வெளிறும் என்பதால் வேண்டுமென்றே 50 லக்ஸ் என்ற குறைந்த வெளிச்ச அளவில் வைத்திருப்பார்கள். கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள்.

கடைசியாகப் போனபோது கொப்பிகளை பஸ்ஸிலேயே வைக்கச் சொன்னேன். திரும்பும் வழியில் கித்துல்கலையில் தேநீருக்கு நிறுத்தியபோது ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்து, நினைவில் நிற்கும் ஒன்றை வரையச் சொன்னேன். பல பேர் நடராசரைத் திருவாசியோடு வரைந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் வெறும் பீடத்தை வரைந்து, துளைகளில் இரண்டு கம்பைச் செருகியிருந்தாள். கம்பைப் பிடிக்க நாலு பேர், மேலே தேயிலைச் சரிவு, கீழே லயம்.