விலை உயர்ந்த இயர்போனைக் காதால் எடைபோடுவது எப்படி?

ரிச்சி தெருக் கடை வாசலில் ஆட்டோ ஹாரன்களுக்கு நடுவே நின்றுகொண்டு, விற்பவர் எடுத்துப் போடும் ஒரு பாட்டை இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, அரை லட்ச ரூபாய் இயர்போனை நல்லது என்றோ மோசம் என்றோ முடிவு செய்வது சோதனையே ஆகாது. குறைந்தது அரை மணி நேரமும், ஓரளவு அமைதியான இடமும், உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நான்கைந்து ஒலிப்பதிவுகளும் வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது காதில் அது எப்படி அடைத்து உட்காருகிறது என்பதையே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு இயர்போனை ‘பேஸே இல்லை, வெறும் தகர ஒலி’ என்று நான் ஒதுக்கிவிட்டேன். பிறகு அதே மாடலை நண்பர் வீட்டில் ஒரு அளவு பெரிய சிலிக்கோன் டிப் (காதுக்குள் நுழையும் மென்மையான முனை உறை) மாட்டிக் கேட்டபோது, குறை என் காதில் இருந்த இடைவெளியில்தான் என்பது புரிந்தது. காதுக்குழாயும் டிப்பும் சேர்ந்து காற்றை அடைத்தால்தான் தாழ்ந்த ஒலிகள் நிற்கும்; மயிரிழை இடைவெளி இருந்தாலும் முதலில் கசிந்து போவது பேஸ்தான். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு, பாட்டு எதுவும் போடாமல், வாயை மூடி ஒரு கீழ் ஸட்ஜத்தை முனகிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் முழங்க வேண்டும். ஒரு பக்கம் மெலிந்து கேட்டால் அந்தக் காதுக்கு வேறு அளவு டிப் மாட்ட வேண்டும். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்தும் என்ற கட்டாயம் இல்லை.

அடுத்தது சத்த அளவு. இரண்டு இயர்போன்களை ஒப்பிடும்போது, சற்று உரக்க ஒலிப்பதே துல்லியமானது என்று காது ஏமாந்துவிடும்; ஓரிரு டெசிபல் வேறுபாடே அதற்குப் போதும். ஒவ்வொரு இயர்போனின் உணர்திறனும் (ஒரே மின்சக்திக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது) வேறு என்பதால், போனில் வால்யூம் கோட்டை ஒரே இடத்தில் வைத்தால் மட்டும் போதாது. ஒரு குரல் பதிவை மாறிமாறிக் கேட்டு, இரண்டிலும் பாடகர் ஒரே தூரத்தில் நிற்பதாகத் தோன்றும் வரை சரிசெய்த பிறகே தீர்ப்புக்குப் போக வேண்டும்.

கேட்பதற்கு எதை எடுப்பது? வாத்தியத்தை நேரில் கேட்ட அனுபவம் இருப்பவருக்கு அதுவே அளவுகோல் என்பது என் கருத்து. மார்கழியில் சபா சபாவாகச் சுற்றுபவர்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. ஆனாலும் மைக் வழியாக வரும் சபா ஒலியைவிட, வீட்டுக் கச்சேரியில் நான்கடி தூரத்தில் கேட்ட மிருதங்கமே நம்பகமானது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவைப் பசை அப்பியிருப்பதால் அதில் எழும் குமுக்கி என்ற அடிநாதம் ஆழமாக இறங்கி, வளைந்து, அடங்கும். நல்ல இயர்போனில் அந்த வளைவு கேட்கும்; பேஸை ஊதிப் பெருக்கிய இயர்போனிலோ எல்லாத் தட்டும் ஒரே ‘தும்’ ஆகிவிடும். வலப்பக்கமான வலந்தலையின் ‘நம்’, தொப்பியின் ஒலியில் மூழ்காமல் தனித்துக் கணீரென்று விழுகிறதா என்றும் கவனியுங்கள். மேல் ஒலிக்கு வயலினும் குரலில் வரும் ‘ஸ’கரமும் போதும், ‘ஸ’ ஒவ்வொரு முறையும் ஊசியாகக் குத்தினால், பத்து நிமிடத்தில் வியப்பாகத் தெரிந்த ‘தெளிவு’ ஒரு மணி நேரத்தில் தலைவலியாக மாறும். தீர்ப்புக்கு முன், டிப்பைச் சற்று ஆழமாகச் செருகியும் கேட்க வேண்டும்; செருகும் ஆழத்தைப் பொறுத்து மேல் ஒலிகளில், 8 கிலோஹெர்ட்ஸ் அருகே, உரத்து எழும் மேடு இடம் மாறும். ஆகவே, எந்த ஒலி எவ்வளவு உரக்க வருகிறது என்று காட்டி இணையத்தில் வரும் வரைபடத்தின் அந்தப் பகுதியை உங்கள் காதுக்கும் அப்படியே பொருந்துவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி விலை. ஒலி ஆய்வாளர் ஜெரூன் பிரேபார்ட் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், காதுக்குள் பொருத்துபவை உட்பட 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளுக்கும் (தாழ்ந்த ஒலி முதல் மேல் ஒலி வரை எது எவ்வளவு உரக்க வருகிறது என்பது) விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை. உள்ளே ஒலியை எழுப்பும் சிறு பாகங்களான டிரைவர்களின் எண்ணிக்கையும் தரத்துக்குச் சான்று ஆகாது: சென்ஹைசர் ஐஇ 900-இல் இருப்பது ஒரே ஒரு 7 மில்லிமீட்டர் டிரைவர், அதைவிடப் பல மடங்கு மலிவான மூன்டிராப் பிளெஸ்ஸிங் 2-இல் ஐந்து. கூடுதல் பணம் பெரும்பாலும் உலோகக் கூடு, கைவேலை, நல்ல கேபிள், இடது வலது ஒத்திசைவு ஆகியவற்றுக்கே போகிறது. அவை உங்களுக்கு வேண்டியவையா என்று பாருங்கள். என் கணக்கு எளியது: சத்தத்தைச் சமன்செய்து, எது எது என்று பார்க்காமல் நண்பர் மாற்றி மாற்றித் தர, விலை அதிகமானதை ஐந்து முறைக்கு ஐந்து முறையும் அடையாளம் காண முடியவில்லை என்றால் மலிவானதை வாங்கிக்கொள்வேன்.

பல டிரைவர் கொண்டவற்றை எந்தக் கருவியில் கேட்கிறோம் என்பதும் முக்கியம்; கருவியின் வெளியீட்டு மின்தடை (இயர்போனுக்கு மின்சாரம் தரும் முனையில் கருவிக்கே உள்ள மின்தடை) அதிகமாக இருந்தால் ஒலியின் சாயலே மாறிவிடும். ஆகவே அன்றாடம் பயன்படுத்தும் உங்கள் போனையும், அதில் இயர்போனை இணைக்கும் சிறு கருவியான டாங்கிளையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

சென்னை வெயிலுக்கு ஒரு குறிப்பு. வியர்வையும் குறும்பியும் முனையில் உள்ள வலையை அடைத்தால் ஒரு பக்கம் மெலிந்து, டிரைவரே பழுதானது போலக் கேட்கும். சர்வீஸுக்கு ஓடும் முன் வெளிச்சத்தில் அந்த வலையைப் பாருங்கள். வலையை மாற்ற வசதி உள்ள மாடலா என்பதையும், கழற்றி மாட்டும் கேபிள் தனியாகக் கிடைக்குமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.