விஎம்ல ரெண்டு மானிட்டர் போடறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர்ல இருந்து அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு போறவங்க நிறைய பேர் இப்ப வாரத்துல சில நாள் வீட்லயே உக்காந்து வேலை பாக்கறாங்க, கம்பெனி வேலை ஒரு விஎம்க்குள்ள (விர்ச்சுவல் மெஷின், கம்ப்யூட்டருக்குள்ளயே சாஃப்ட்வேரா ஓடற இன்னொரு கம்ப்யூட்டர்), சொந்த வேலை வெளில, பக்கத்துல ரெண்டாவது மானிட்டர் ஒண்ணு. சிப்காட் பக்கம் சின்னதா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கவங்க பழைய மிஷின் சாஃப்ட்வேருக்காக விண்டோஸ் எக்ஸ்பிய விஎம்ல ஓட்றாங்க. எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், ரெண்டு மானிட்டர் மாட்டியாச்சு, விஎம் மட்டும் ஏன் ஒண்ணுலயே நிக்குது?

ஏன்னா உங்க மேஜை மேல இருக்கற மானிட்டர் விஎம்முக்கு தெரியவே தெரியாது. நாம எத்தன விர்ச்சுவல் ஸ்க்ரீன் குடுக்கறோமோ அத்தனதான் அதுக்கு கண்ணு. இத புரிஞ்சிக்காமதான் பாதி பேர் கேபிளையே கழட்டி கழட்டி மாட்டிட்டு இருக்காங்க.

ஆனா கேபிள்லயும் ஒரு தப்பு நடக்குது. பெங்களூர் எஸ்.பி. ரோடு போயி பழைய மானிட்டர் வாங்கறப்போ கூடவே ஒரு எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரும் வாங்கிட்டு வந்துடறாங்க. ஸ்ப்ளிட்டர் ஒரே படத்த ரெண்டு எடத்துல காட்டும், அவ்வளவுதான், எக்ஸ்டெண்ட் பண்ணாது, அதாவது ரெண்டாவது மானிட்டர தனி எடமா சேக்காது. லேப்டாப்ல ரெண்டாவது அவுட்புட் வேணும்னா டைப்-சி போர்ட்ல டிஸ்ப்ளே வருதான்னு பாருங்க, எல்லா டைப்-சிலயும் வராது, சிலதுல சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான். மொதல்ல ஹோஸ்ட்ல, அதாவது விஎம் ஓடற நெஜ கம்ப்யூட்டர்ல, ரெண்டு மானிட்டரும் எக்ஸ்டெண்ட்ல ஒழுங்கா ஓடணும், அதுக்கப்புறம்தான் விஎம் பக்கமே போகணும்.

இன்னொண்ணு, விஎம் விண்டோவ புடிச்சு ரெண்டு மானிட்டர் மேலயும் இழுத்து விடறது. பாக்க சரியா வந்த மாதிரி இருக்கும், ஆனா உள்ள இருக்கற ஓஎஸ் அத ஒரே நீள ஸ்க்ரீன்னு தான் நெனச்சிக்கும். எக்செல்ல மேக்சிமைஸ் பண்ணா ரெண்டு மானிட்டர்லயும் பரவி நடுவுல இருக்கற சட்டத்துல எக்செல் கட்டத்துல ஒரு நெடுவரிசை பாதியா வெட்டுப்பட்டு நிக்கும், எர்ரர் மெசேஜ் பாக்ஸ் சரியா அந்த எடத்துலயே வந்து உக்காரும். இது வேண்டவே வேண்டாம்.

விஎம் ஓட்ற சாஃப்ட்வேர் பல இருக்கு. விர்ச்சுவல்பாக்ஸ்ல செய்யறதா இருந்தா விஎம்ம முழுசா ஷட் டவுன் பண்ணிட்டு டிஸ்ப்ளே செட்டிங்ல மானிட்டர் கவுண்ட்ட 2 ஆக்கணும். சேவ் ஸ்டேட்ல (ஓடினத அப்படியே பாதில நிறுத்தி வைக்கறது) நிறுத்தி வச்சிட்டு அந்த ஸ்லைடர் நகரலன்னு புலம்பறவங்க நிறைய. அங்கயே வீடியோ மெமரியையும் பாத்துடுங்க, 1920×1080 ஸ்க்ரீன் ஒண்ணுக்கே படத்த வைக்க கிட்டத்தட்ட 8 எம்பி வேணும், 16 எம்பில விட்டா ஃபுல் ஸ்க்ரீன் போறப்போ மெமரி பத்தலன்னு சொல்லிடும், நான் சொல்றது யோசிக்காம 128க்கு ஏத்திடுங்க. விஎம்முக்குள்ள இன்ஸ்டால் பண்ற டிரைவர் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸ் போடாம எதுவும் சரியா நடக்காது, கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் விண்டோஸ் 7க்கும் அதுக்கு அப்புறம் வந்த விண்டோஸுக்கும் விபாக்ஸ்எஸ்விஜிஏ, லினக்ஸுக்கு விஎம்எஸ்விஜிஏ. அப்புறம் வியூ மெனுல ரெண்டாவது விர்ச்சுவல் ஸ்க்ரீன எனேபிள் பண்ணிட்டு வலது கன்ட்ரோலும் எஃப்-உம் சேத்து அமுக்கினா ஆளுக்கு ஒரு மானிட்டர்ல போயி உக்காந்துக்கும். எடம் மாறி உக்காந்தா அதே வியூ மெனுலயே மாத்திக்கலாம்.

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன்ல இவ்வளவு வேலை இல்ல, விஎம்முக்குள்ள விஎம்வேர் டூல்ஸ் போட்டுட்டு ஃபுல் ஸ்க்ரீன் போனா மேல வர்ற பார்லயே ரெண்டு மானிட்டருக்கு மாத்தற பட்டன் இருக்கு. 2024 நவம்பர்ல இருந்து ஆபீஸ் வேலைக்கும் சேத்தே இலவசம், புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இதுதான் என் சாய்ஸ்.

மைக்ரோசாஃப்டோட விஎம் சாஃப்ட்வேரான ஹைப்பர்-வி ல என்ஹான்ஸ்டு செஷன் (விஎம்மோட கூடுதல் வசதியோட இணையற முறை) இல்லாம ரெண்டு ஸ்க்ரீன் வராது. கனெக்ட் பண்றப்போ வர்ற சின்ன பெட்டில ஷோ ஆப்ஷன்ஸ் தட்டி எல்லா மானிட்டரையும் யூஸ் பண்ணுன்னு டிக் வைக்கணும், பலரும் அந்த பெட்டிய படிக்காமலே கனெக்ட் குடுத்துடறாங்க. வேற கம்ப்யூட்டர தூரத்துல இருந்து தெறக்கற ரிமோட் டெஸ்க்டாப்லயும் டிஸ்ப்ளே டேப்ல இதே டிக் இருக்கு.

எழுத்து மங்கலா தெரியுதுன்னா கண்ணாடி மாத்த போக வேண்டாம். லேப்டாப் ஸ்க்ரீனோட ஸ்கேல் (எழுத்தையும் படத்தையும் பெருசாக்கற அளவு) 150 சதவீதத்துல, வெளி மானிட்டர் 100ல இருந்தா விஎம் தடுமாறும். முடிஞ்சா ரெண்டையும் ஒரே ஸ்கேல்ல வைங்க, இல்லன்னா லேப்டாப் மூடிய மூடிட்டு வெளில ஒரே அளவுல ரெண்டு மானிட்டர் போடுங்க.

8 ஜிபி ரேம் லேப்டாப்ல 6 ஜிபிய தூக்கி விஎம்முக்கு குடுத்துட்டு ரெண்டு மானிட்டர் ஸ்லோவா இருக்குன்னு சொல்றது நியாயமில்ல. பாதிக்கு மேல குடுக்காதீங்க.

நம்ம ஊருக்கே உரிய ஒண்ணு கரண்ட். தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமத்து பக்கம் இருக்கவங்க சிபியுவ யுபிஎஸ்ல மாட்டிட்டு ரெண்டாவது மானிட்டர நேரா சுவத்து பிளக்ல மாட்டி வச்சிருப்பாங்க. கரண்ட் போனதும் ஹோஸ்ட் ஒரு மானிட்டர இழந்துடும், விஎம் மறுபடி ஒரே ஸ்க்ரீனுக்கு வந்துடும், சில நேரம் உள்ள இருந்த விண்டோ மட்டும் இல்லாத ஸ்க்ரீன்லயே தங்கிடும். டாஸ்க்பார்ல இருக்கும், கண்ணுக்கு தெரியாது. அப்ப அதுல கிளிக் பண்ணிட்டு ஆல்ட்டும் ஸ்பேஸும் அமுக்கி, எம் தட்டி, ஏதாவது ஒரு ஆரோ கீய ஒரு தடவ அமுக்கிட்டு மவுஸ நகத்துங்க, விண்டோ மவுஸோட ஒட்டிட்டு வந்துடும். மானிட்டரையும் அதே யுபிஎஸ்ல மாட்டிட்டா இந்த வேலையே மிச்சம்.