மாஸ்கோ ஒன்று சொல்ல, கீவ் வேறு சொல்ல: உக்ரைன் போர்ச் செய்திகளை எடைபோடும் முறை

ரஷ்யா–உக்ரைன் போரைப் பற்றி நேர்மாறான இரண்டு செய்திகள் ஒரே நாளில் வந்தால், பலரும் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுகிறார்கள். "உண்மை நடுவில எங்கயோ இருக்கும்" என்று பேப்பரை மடித்து வைக்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கும் இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாகவே முடியும். 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் வானில் எம்எச்17 பயணிகள் விமானம் சிதறி 298 பேர் இறந்தார்கள். ரஷ்ய ஆதரவுக் கிளர்ச்சியாளர்கள் தரையிலிருந்து ஏவிய பூக் ஏவுகணை என்றது உக்ரைன் தரப்பு. உக்ரைனின் சு-25 போர்விமானம் ஒன்று அருகில் பறந்தது என்று நான்கு நாள் கழித்து ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்க இடமே கிடையாது. ஒன்று நடந்திருக்கும், மற்றது நடந்திருக்காது. ஆகவே நடுவைத் தேடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாகத் தராசில் ஏற்றிப் பழகுங்கள்.

செய்தியை முதலில் உடையுங்கள்

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: என்ன நடந்தது, யார் செய்தது, எத்தனை பேர், ஏன். ஒரே செய்திக்குள் இந்த நான்கும் கலந்து கிடக்கும். நான்குக்கும் ஆதாரத்தின் பலம் ஒன்றாக இருக்காது.

கருங்கடலில் மூழ்கிய 'மாஸ்க்வா' என்ற ரஷ்யப் போர்க்கப்பலை எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்ரல் 13 இரவு, நெப்டியூன் ஏவுகணை இரண்டால் அடித்தோம் என்றது உக்ரைன். கப்பலில் தீப்பிடித்து வெடிமருந்து வெடித்தது, மாலுமிகள் வெளியேற்றப்பட்டார்கள், இழுத்து வரும்போது கொந்தளிப்பில் மூழ்கியது என்றது ரஷ்யா. தலைப்பைப் பார்த்தால் முழு முரண். கட்டம் போட்டுப் பார்த்தால், கப்பலில் வெடிப்பு நடந்தது, கப்பல் போனது என்ற இரண்டிலும் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன. அந்தக் கட்டத்தை அன்றே 'உறுதி' என்று குறிக்கலாம். சண்டை காரணத்திலும் ஆள் கணக்கிலும்தான்.

சில நாளில் கப்பலின் படங்கள் கசிந்தன. இடப்புறமாகச் சாய்ந்த கப்பல், நீர்மட்டத்தை ஒட்டிய சேதம், சுற்றிலும் அமைதியான கடல். படம் எடுத்த நேரத்திலாவது கொந்தளிப்பு இல்லை என்பது தெரிந்துவிட்டது. ஏப்ரல் 22 அன்று ரஷ்ய அமைச்சகமே 1 பேர் இறந்தார், 27 பேரைக் காணவில்லை, 396 பேர் மீட்கப்பட்டார்கள் என்று சொன்னது. முதல் நாள் சொன்னதிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது பாருங்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருவரும் நெப்டியூன் என்றே சொன்னார். ஆனால் அமெரிக்கா உக்ரைனுக்கு ஆயுதம் கொடுக்கும் நாடு. அவர் சொல்லைவிட அந்தப் படத்துக்கும், ரஷ்யா தானே மாற்றிய கணக்குக்கும் கூடுதல் எடை கொடுங்கள்.

இங்கே ஒரு விதி கிடைக்கிறது. தன் தரப்புக்கு நட்டமான சேதியை ஒருவர் தானே சொன்னால், அதன் எடை அதிகம். லாபமான சேதிக்கு வேறு சாட்சி வேண்டும். மாஸ்கோவுக்கும் கீவுக்கும் வாஷிங்டனுக்கும் இதே அளவுகோல்தான்.

ஊற்றுக்கண் வரை போங்கள்

தமிழ் நாளிதழில் வரும் உக்ரைன் செய்தி பெரும்பாலும் ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி, ஏபி போன்ற செய்தி முகமைகளின் மொழிபெயர்ப்பு. அந்த முகமைக்குச் சேதி வந்தது அமைச்சகத்தின் டெலிகிராம் பக்கத்திலிருந்தோ ஆளுநரின் பதிவிலிருந்தோ இருக்கும். பத்துப் பத்திரிகை போட்டிருந்தாலும் ஊற்று ஒன்றுதான் என்றால், சாட்சியும் ஒன்றுதான்.

இது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2022 நவம்பர் 15 சாட்சி. போலந்தின் எல்லைக் கிராமமான ப்ஷெவோதுவில் ஏவுகணை விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். ரஷ்ய ஏவுகணைகள் போலந்துக்குள் விழுந்தன என்று ஏபி அவசரச் செய்தி வெளியிட்டது. ஆதாரம், பெயர் சொல்லாத ஒரே ஓர் அமெரிக்க உளவு அதிகாரி. ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாகக் கொள்ளும் நேட்டோ ராணுவக் கூட்டணியில் போலந்தும் இருப்பதால், உலகப் போரே வந்துவிடுமோ என்ற பேச்சு சில மணி நேரத்தில் கிளம்பியது. மறுநாள் நேட்டோ தலைமைச் செயலர், அது பெரும்பாலும் உக்ரைனின் வான்காப்பு ஏவுகணையாக இருக்கும் என்றார். ஏபி செய்தியைத் திரும்பப் பெற்றது. தங்களுடையது இல்லை என்று அன்றிரவே மாஸ்கோ மறுத்திருந்தது; மேற்கத்திய ஊடகங்களை மட்டும் படித்துவந்தவர்கள் அந்த மறுப்பைத் தள்ளிவிட்டிருப்பார்கள். வழக்கமாகப் பொய் சொல்கிறவர் என்று முடிவு கட்டி, ஒருவருடைய மறுப்பைப் படிக்காமலே விடாதீர்கள்.

செய்தியில் "கூறப்படுகிறது", "தெரியவந்துள்ளது" என்று வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். யார் கூறியது என்ற பெயர் அங்கேதான் தொலைந்திருக்கும். "உக்ரைன் ராணுவம் தெரிவித்தது" என்று முகமை எழுதியது, மொழிபெயர்ப்பில் பல சமயம் "உக்ரைன் அழித்தது" என்று தலைப்பேறிவிடுகிறது.

எழுதுகிறவர் எந்தக் கயிற்றில் கட்டுண்டிருக்கிறார்

ரஷ்யாவில் 2022 மார்ச் 4 முதல், ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை. எது பொய் என்பதை முடிவு செய்வது அரசு. 'போர்', 'படையெடுப்பு' என்று எழுதக் கூடாது, 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்றே எழுத வேண்டும் என்றார்கள். எக்கோ மாஸ்க்வி வானொலி மூடப்பட்டது. நோவயா கெஸட்டா பத்திரிகை வெளியீட்டை நிறுத்தியது. டாஸ், ரியா நோவோஸ்தி இரண்டும் அரசு முகமைகள். அவற்றை ஒதுக்க வேண்டாம். அரசு என்ன நம்பவைக்க நினைக்கிறது என்பதற்கு அவற்றைவிட நல்ல ஆவணம் இல்லை. ரஷ்யாவுக்குள் என்ன நடக்கிறது என்று அறிய, லாட்வியாவின் ரீகாவிலிருந்து வரும் மெதூசா போன்ற, நாடு கடந்து இயங்கும் ரஷ்யர்களின் தளங்களையும் சேர்த்துப் படியுங்கள். கிரெம்ளினை எதிர்ப்பவர்கள் அவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உக்ரைனிலும் கயிறு உண்டு. ராணுவச் சட்டம் அமலில் இருக்கிறது. 2022 பிப்ரவரி முதல் பெரிய தொலைக்காட்சிகள் சேர்ந்து ஒரே பொது ஒளிபரப்பு நடத்துகின்றன. அதில் அரசைக் குத்திக் கேட்கும் குரல் குறைவு. ஆனால் இணையப் பத்திரிகைகள் வாயை மூடிக்கொள்ளவில்லை. கீவ் கடைகளில் ஏறக்குறைய 7 ஹ்ரிவ்னியாவுக்கு (உக்ரைன் நாணயம்) விற்ற முட்டையை ராணுவத்துக்கு 17 ஹ்ரிவ்னியாவுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டதை 2023 ஜனவரியில் உக்ரைன் பத்திரிகைதான் வெளிக்கொண்டுவந்தது. பாதுகாப்புத் துணை அமைச்சர் பதவி விலகினார். ரஷ்யாவுக்குள் இருந்துகொண்டு ரஷ்ய ராணுவத்தைப் பற்றி இப்படி எழுதுகிறவர் சிறையைக் கணக்கில் வைத்துத்தான் எழுத வேண்டும். இரு நாட்டு ஊடகமும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாதது இதனால்தான்.

மேற்கத்திய ஊடகங்களின் பலவீனம் வேறு வகை: பெயரிடாத உளவு அதிகாரிகள்மேல் சாய்வது, தங்கள் அரசின் ஊகத்தைச் செய்தியாக்குவது. 2022 செப்டம்பர் 26 அன்று பால்டிக் கடலடியில் நோர்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய்கள் நான்கில் மூன்று உடைந்தபோது, அங்கே பலருடைய விரலும் மாஸ்கோவை நோக்கியே நீண்டது. பிறகு ஜெர்மன் வழக்கறிஞர்கள் தேடத் தொடங்கியது உக்ரைன் நாட்டவர்களை. இந்தியா 2022 மார்ச் 2 ஐ.நா. வாக்கெடுப்பில் ஒதுங்கி நின்றது; அதனால் இந்திய ஊடகம் நடுநிலையானது என்று சிலர் நம்புகிறார்கள். போர்முனையில் சொந்த நிருபர் இல்லாதபோது இரு பக்கத்து அறிக்கையையும் அப்படியே போடுவது நடுநிலை ஆகாது. சரிபார்க்கும் வேலை அங்கே இன்னும் தொடங்கவில்லை.

சொல்லை வைத்தே ஊரைக் கண்டுபிடிக்கலாம்

'பாக்முத்' என்று இருந்தால் உக்ரைன் வழி வந்த செய்தி. 'ஆர்த்யோமவ்ஸ்க்' என்ற சோவியத் காலப் பெயர் இருந்தால் ரஷ்ய வழி. பெயரிடாத செய்தியின் ஊற்றை இப்படிப் பிடித்துவிடலாம்.

பின்வாங்குவதற்கு இரு தரப்பிலும் தனி அகராதியே இருக்கிறது. 2022 ஜூனில் பாம்புத் தீவை விட்டுப் போனது ரஷ்யாவுக்கு 'நல்லெண்ண நடவடிக்கை'. செப்டம்பரில் இஸ்யூமை விட்டது 'படைகளை மறுசீரமைத்தல்'. 2024 பிப்ரவரியில் அவ்தியீவ்காவை உக்ரைன் விட்டபோது 'சாதகமான அரண்களுக்கு நகர்தல்'. இந்தச் சொற்களைக் கண்டால் வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.

"அத்தனை ட்ரோன்களும் வீழ்த்தப்பட்டன, சிதறல் விழுந்ததில் தீப்பிடித்தது" என்பது இன்னொரு வாய்பாடு. ரஷ்ய ஆளுநர்கள் எண்ணெய் ஆலை எரியும்போதும் இதைச் சொல்வார்கள். உக்ரைன் நகரங்களிலும் கேட்கலாம். சில நேரம் நிஜமாகவே சிதறல்தான். எரிவது ஓரத்துக் கொட்டகையா, ஆலையின் நடுக் கோபுரமா என்று படத்தில் பார்த்தால் விடை கிடைக்கும்.

உக்ரைன் ராணுவத் தலைமையகத்தின் தினசரி அறிக்கையைப் படிக்க ஒரு சூட்சுமம் உண்டு. "இன்ன கிராமத்தின் அருகே தாக்குதலை முறியடித்தோம்" என்ற பட்டியலில் ஊர்ப் பெயர்கள் வாரத்துக்கு வாரம் மேற்கே நகர்ந்தால், இடம் பறிபோகிறது என்று பொருள். அறிக்கை எதையும் மறைக்கவில்லை, சொல்லவும் இல்லை. ரஷ்யத் தரப்பில் "விடுவித்தோம்" என்ற அறிவிப்பு சில சமயம் ஊரின் கடைசித் தெரு கைக்கு வருவதற்கு முன்பே வந்துவிடும்.

எண்ணிக்கை: இங்கேதான் தமிழ்ச் செய்தி அதிகம் சறுக்குகிறது

ஆங்கில ராணுவச் செய்தியில் வரும் 'கேஷுவல்ட்டி' என்ற சொல் இறந்தவர், காயம்பட்டவர் எல்லாரையும் சேர்த்தது. நம் மொழிபெயர்ப்பில் அது 'பலி' ஆகிவிடுகிறது. ஒரே சொல்லில் சாவு எண்ணிக்கை மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று ஏறிவிடும். 'லட்சம் பேர் பலி' என்று கண்டால் மூலத்தில் என்ன சொல் என்று தேடாமல் நம்பாதீர்கள்.

எதிரியின் சாவைப் பற்றி ஒரு தரப்பு சொல்லும் எண்ணைத் தனியாக ஓரம் வையுங்கள். தன் தரப்புச் சாவாக அது ஒப்புக்கொள்ளும் எண்ணைத் தரைமட்டமாக எடுங்கள். உண்மை அதற்குக் கீழே போகாது. 2022 செப்டம்பர் 21 அன்று 5,937 என்று சொன்ன ரஷ்ய அமைச்சகம், அதன்பின் மொத்தக் கணக்கை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி 2024 பிப்ரவரியில் 31,000 என்றும், டிசம்பரில் 43,000 என்றும் சொன்னார். இவற்றைவிட உறுதியானது பெயர்ப் பட்டியல். மீடியாசோனா என்ற ரஷ்யச் செய்தித் தளமும் பிபிசியின் ரஷ்யப் பிரிவும் அஞ்சலிக் குறிப்பு, கல்லறை, உறவினர் பதிவு என்று தேடி, இறந்த ரஷ்ய வீரர்களைப் பெயர் பெயராக எண்ணுகின்றன. அதுவும் குறைந்தபட்சம்தான், ஆனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார்.

தடயம் பேசட்டும்

வீடியோ வந்தால் முதலில் நேரம். மாஸ்கோ நேரத்தைவிட நம் நேரம் இரண்டரை மணி முன்னால். கீவ் கோடையில் மாஸ்கோவோடு ஒத்திருக்கும், குளிர்காலத்தில் ஒரு மணி பின்தங்கும். இந்த ஒரு மணியை மறந்து, சம்பவத்துக்கு முன்பே பதிவு வந்துவிட்டது, ஆகவே நாடகம் என்று வாதாடுபவர்கள் உண்டு. பிறகு வீடியோவிலிருந்து ஒரு காட்சியை எடுத்துப் படத்தேடலில் போடுங்கள். இந்தப் பகுதிக் கட்டடங்களை யாண்டெக்ஸ் என்ற ரஷ்யத் தேடுபொறி நன்றாகக் கண்டுபிடிக்கும். ஆர்மா 3 என்ற வீடியோ கேமின் காட்சிகள் போர்க்காட்சிகளாகப் பலமுறை சுற்றியிருக்கின்றன.

தீ, வெடிப்பு என்றால், எரியும் இடங்களைச் செயற்கைக்கோள் வழியாகக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் தளம் இலவசம். அதன் ஒரு புள்ளி ஏறத்தாழ 375 மீட்டர். மேகம் மறைத்தால் தீ தெரியாது. கோடையில் வயல் எரிப்பதும் போர்த்தீ போலவே தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர் துல்லியம்: எரிந்த கிடங்கு தெரியும், ஆள் தெரியாது. ஆள் அளவு தெரிய வணிகச் செயற்கைக்கோள் வேண்டும். 2022-இல் தெருக்களில் உடல்கள் கிடந்த, கீவுக்கு அருகிலுள்ள புச்சா நகரத்தில் அதுதான் முடிச்சை அவிழ்த்தது. மார்ச் 30-க்குள் தாங்கள் வெளியேறிவிட்டதாகவும், உடல்கள் பிறகு வைக்கப்பட்ட நாடகம் என்றும் ரஷ்யா சொன்னது. ஏப்ரல் தொடக்கத்தில் யாப்லுன்ஸ்கா தெருவில் உடல்கள் கிடந்த அதே இடங்களில், ரஷ்யப் படை அங்கிருந்த மார்ச் 19 அன்றே கரும் உருவங்கள் கிடப்பது மேக்சர் நிறுவனத்தின் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது.

விளக்கம் எத்தனை முறை மாறுகிறது என்பதையும் எண்ணுங்கள். எம்எச்17-க்கு ரஷ்யா சொன்ன விளக்கம் முதலில் போர்விமானம், 2015-இல் உக்ரைன் கட்டுப்பாட்டிலிருந்த இடத்திலிருந்து பூக், 2018-இல் அந்த ஏவுகணை உக்ரைனுக்கு அனுப்பப்பட்டது என்று வரிசை எண். பூக் சரியென்றால் முதலில் சொன்ன போர்விமானம் தப்பு. எதிர்த்தரப்பின் விளக்கம் தொடக்கம் முதல் ஒரே தடத்தில் போய், 2022 நவம்பரில் மூன்று பேரைக் குற்றவாளி என்ற நெதர்லாந்து நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது.

நோட்டில் எப்படி எழுதுவது

முதல் மூன்று நாள் 'யார் செய்தது' என்ற கட்டத்தைப் பென்சிலால் மட்டும் நிரப்புங்கள். பக்கத்தில் தேதியும், 'உறுதி', 'பெரும்பாலும்', 'தெரியாது' என்ற மூன்றில் ஒன்றும் போதும்.

2023 செப்டம்பர் 6, கிழக்கு உக்ரைனின் கொஸ்த்யன்தினீவ்கா நகரச் சந்தை. என்ன நடந்தது: ஏவுகணை விழுந்தது, குறைந்தது 15 பேர் சாவு, உறுதி. யார்: ரஷ்யாதான், அதன் எஸ்-300 ஏவுகணைதான் என்று உக்ரைன் சொல்கிறது; 'பெரும்பாலும்' என்று பென்சிலில். செப்டம்பர் 18 அன்று நியூயார்க் டைம்ஸ் கண்காணிப்புக் கேமரா பதிவை அலசி எழுதியது. சத்தம் வரும் நொடியில் தெருவில் போனவர்கள் உக்ரைன் கட்டுப்பாட்டுப் பக்கம் தலை திருப்புகிறார்கள். நிறுத்தியிருந்த கார்களின் மேல் ஏவுகணையின் பிம்பம் வடமேற்கிலிருந்து ஓடுகிறது. இலக்கு தவறிய உக்ரைன் பூக் ஏவுகணை என்பதற்கே தடயம் வலுவாக இருக்கிறது என்றது அந்த அலசல். அன்று நோட்டைத் திறந்து, பழைய வரியை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டு, கீழே புதிய தேதியோடு 'பெரும்பாலும் உக்ரைன் ஏவுகணை, தவறுதலாக' என்று எழுத வேண்டும். பழைய வரி கண்ணில் படும்படி இருந்தால்தான், அடுத்த முறை அதே மாதிரி செய்தி வரும்போது கை கொஞ்சம் நிதானிக்கும்.