.308 ரைஃபிளுக்குப் பித்தளை உறையும் டையும் தேர்ந்தெடுப்பது: முதலில் அளவு, பிறகு கொள்முதல்

ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே மறுநிரப்பத் தொடங்குபவர்கள், பெரும்பாலும் பிரஸ் என்ற நெம்புகோல் கருவியையும், கடைக்காரர் அதனுடன் எடுத்துக் கொடுக்கும் டைகளையும் (உறையை அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் அச்சுகள்) வாங்கி வந்த பிறகே உறைகளைப் பற்றி யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். எந்த டை வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் துப்பாக்கியின் சேம்பர், அதாவது தோட்டா அமரும் குழி. அந்தச் சேம்பரின் அளவைக் காட்டிக் கொடுப்பது, அதில் சுடப்பட்டு வெளியே வந்த உறை.

அமெரிக்காவில் மிகப் பரவலாகப் புழங்கும் .308 வின்செஸ்டர் தோட்டாவையும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளையும் (ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் திறந்து மூடும் வகை) எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அங்கே சொந்தப் பயன்பாட்டுக்காக மறுநிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால் தேவை. மாநில விதிகளைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால், அங்கிருந்து படிப்பவர்கள் இதை விவரமறிவதற்காக மட்டும் படிக்கவும்.

முதல் படி: உறையைத் தேர்ந்தெடுத்தல்

தோட்டாவின் நான்கு பாகங்களில் குண்டும் வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரும் ஒருமுறையோடு தீர்ந்துவிடும். உறை மட்டுமே மீண்டும் பயன்படும். ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளை, வெடிப்பின்போது விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டி, அழுத்தம் தணிந்ததும் சற்றுச் சுருங்கிக்கொள்ளும். எஃகு உறைகளையும் அலுமினிய உறைகளையும் மறுநிரப்ப முயல வேண்டாம். ஒரு காந்தம் எஃகைக் காட்டிக் கொடுக்கும். அடுத்து, உறையின் வாய் வழியே வெளிச்சம் பாய்ச்சி உள்ளே பாருங்கள். அடியில் நடுவே ஒரே துளை இருந்தால் அது பாக்ஸர் வகை, மறுநிரப்ப ஏற்றது. ஓரமாக இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் அது பெர்டன் வகை. பழைய பிரைமரை வெளியே தள்ளும் வழக்கமான டையின் ஊசி அந்தத் துளைகளுக்கு நேராக இறங்காது என்பதால் தொடக்கநிலையில் ஒதுக்கிவிடுங்கள். இவ்வகைகளுக்குப் பெயர் தந்தவர்களில் பாக்ஸர் ஆங்கிலேயப் படை அதிகாரி, பெர்டன் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கா முழுவதும் புழங்குவது ஆங்கிலேயரின் பிரைமர்தான் என்பது இத்தொழிலின் சிறு வேடிக்கை.

எந்த நிறுவனத்தின் உறை என்பதைவிட, எல்லாம் ஒரே நிறுவனத்தினுடையவை என்பது முக்கியம். பின்லாந்தின் லாபுவா சீரானது, விலை கூடுதல். அமெரிக்காவின் ஸ்டார்லைன், ஹார்னடி, வின்செஸ்டர் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். மலிவாகக் கிடைக்கின்றனவே என்று எல்.சி. என்ற முத்திரையுடைய லேக் சிட்டி இராணுவ உறைகளை வாங்குபவர்கள் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். ஒன்று, அவற்றில் பிரைமர் குழியின் விளிம்பு நெருக்கி அழுத்தப்பட்டிருக்கும். அந்த நெருக்கத்தை நீக்காமல் புதிய பிரைமர் இறங்காது. மற்றொன்று இதைவிட முக்கியமானது: இராணுவ உறைகளின் சுவர் பொதுவாகத் தடிமனானது, அதனால் உள்ளிடம் குறைவு. இடம் குறைந்தால், அதே அளவு மருந்துக்கு அழுத்தம் கூடும். எனவே வணிக உறைக்கென அச்சிடப்பட்ட மருந்து அளவை இராணுவ உறையில் அப்படியே போடக் கூடாது. மருந்து அளவுகளைத் தரும் மறுநிரப்பல் கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான் மேலேற வேண்டும்.

என் பரிந்துரை: ஒரே நிறுவனத்தின் 100 புதிய உறைகள், அல்லது உங்கள் துப்பாக்கியிலேயே நீங்கள் சுட்டு எடுத்து வைத்த தொழிற்சாலைத் தோட்டாக்களின் உறைகள். துப்பாக்கிப் பயிற்சித் திடலில் பொறுக்கி எடுத்தவற்றின் வரலாறு யாருக்கும் தெரியாது. அவை எத்தனை முறை சுடப்பட்டன, எவ்வளவு தளர்ந்த சேம்பரிலிருந்து வந்தன என்பதைப் பித்தளை தானாகச் சொல்லாது.

இரண்டாம் படி: சோதனை

குண்டைப் பிடிக்கும் கழுத்தில் கீறல், வாயில் வெடிப்பு இருந்தால் அந்த உறையைத் தூக்கி எறியுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து அடிப்பகுதிக்குச் சற்று மேலே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் உறை நீண்டு விரிவதால் அந்த இடத்தில் சுவர் உட்புறமாக மெலிந்து, ஒரு நாள் உறை இரண்டாகப் பிரியும். வெளியே பளபளப்பான வளையம் தெரிந்தால் அது எச்சரிக்கை. ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சிறிது வளைத்து, உட்சுவரோடு உரசியபடி மேலே இழுங்கள். ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்தாற்போல் நுனி சிக்கினால், அந்த உறை ஓய்வு பெறட்டும்.

மூன்றாம் படி: சேம்பரை அளத்தல்

காலிபர் என்ற நுண்ணளவுகோலில் பொருத்தும் கம்பரேட்டர் என்ற சிறு கருவி, உறையின் அடியிலிருந்து தோளின் (உடற்பகுதி கழுத்தாகக் குறுகும் சரிவு) ஒரு குறிப்பிட்ட வட்டம் வரை உள்ள நீளத்தைக் காட்டும். பழைய பிரைமர் துருத்திக்கொண்டு தவறான அளவு தரக்கூடும் என்பதால், அதை எடுத்துவிட்டு, உங்கள் துப்பாக்கியில் சுடப்பட்ட ஐந்தாறு உறைகளை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கருவிக்குக் கருவி எண் சற்று மாறும். கவலைப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது எண்ணல்ல, டைக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு.

போல்ட் ஆக்‌ஷனுக்குத் தோளை 0.002 அங்குலம் (0.05 மி.மீ.) பின்தள்ளினால் போதும். அரைத் தானியங்கித் துப்பாக்கி தடையின்றி இயங்க வேண்டியிருப்பதால் அதற்கு 0.003 முதல் 0.005 அங்குலம் வரை தேவைப்படும். இதைவிட அதிகமாகத் தள்ளினால், மேலே சொன்ன சுவர் மெலிவு விரைந்து வரும்.

நான்காம் படி: டை

டைகளின் வெளிப்புற மரை பொதுவாக 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 சுற்றும் கொண்ட ஒரே தரம் என்பதால், ஆர்.சி.பி.எஸ்., ரெடிங், ஃபார்ஸ்டர், லீ ஆகிய எவருடைய டையும் பெரும்பாலான பிரஸ்களில் ஏறும். வாங்க வேண்டியது முழுநீள அளவுத் திருத்த டையும், குண்டைப் பொருத்தும் டையும், .308 உறையின் அடியைப் பிரஸ்ஸில் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டரும். கழுத்தை மட்டும் திருத்தும் டை பித்தளையைக் காப்பாற்றும் என்பார்கள். ஆனால் சில முறை சுட்டு மறுநிரப்பிய பிறகு உடற்பகுதி விரிந்து போல்ட் இறுகத் தொடங்கும்போது முழுநீள டையை எப்படியும் தேட வேண்டியிருக்கும் என்பதால், அது முதல் கொள்முதல் அல்ல.

புஷ்ஷிங் (கழுத்தை நெருக்கும் வளையம்) மாற்றக்கூடிய டை சற்று விலை கூடியது. ஆனால் கழுத்தைத் தேவைக்கு மேல் நெருக்கிப் பிறகு விரிக்கும் வேலையைத் தவிர்ப்பதால் பித்தளை அவ்வளவு விரைவில் விறைப்பாகாது. குண்டின் விட்டம் 0.308, கழுத்துச் சுவரின் தடிமன் இருபுறமும் 0.015 என்றால், குண்டு பொருந்திய கழுத்தின் வெளிவிட்டம் 0.338 அங்குலம். அதில் 0.002 கழித்து, 0.336 புஷ்ஷிங்கை வாங்க வேண்டும். உறையைக் கையில் வைத்து அளக்காமல் இந்த எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. உறையை முதலில் வாங்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

ஐந்தாம் படி: முதல் உறையைத் திருத்துதல்

வழக்கமான எஃகு டையில் மசகு இல்லாமல் ரைஃபிள் உறையை ஏற்றாதீர்கள். நான் என் முதல் மாலையில் மசகை மிச்சம் பிடித்து, உறையை டைக்குள் இறுகச் சிக்க வைத்துவிட்டேன். துளையிட்டுத் திருகாணி போட்டு அதை வெளியே இழுக்க இரண்டு மணி நேரம் ஆனது. மசகு அளவு மீறினாலும் தோளில் பள்ளம் விழும். விரல் நுனியால் மெல்லிய படலமாகத் தடவினால் போதும்.

டை ஷெல் ஹோல்டரைத் தொட்ட பிறகு மேலும் கால் சுற்று இறக்குமாறு பல அறிவுறுத்தல் தாள்கள் சொல்லும். அது எந்தச் சேம்பருக்கும் பொருந்தும் பாதுகாப்பான பொது வழி. உங்கள் சேம்பருக்கான அளவல்ல. டையைச் சற்று உயர்த்தி வைத்துத் தொடங்கி, சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். ஒரு முழுச் சுற்று சுமார் 0.071 அங்குலம் என்பதால், 0.002 அங்குலத்துக்குப் பத்து பாகைதான் திருப்ப வேண்டும். கடிகார முகத்தில் இரண்டு நிமிடக் கோடுகளைக்கூட அது எட்டாது.

அளவு சரியானதும், பிரைமரும் மருந்தும் குண்டும் இல்லாத அந்த வெற்று உறையின் மசகைத் துடைத்துவிட்டு, சேம்பரில் வைத்துப் போல்ட்டை மூடிப் பாருங்கள். தடையின்றி மூடினால் டையின் பூட்டு வளையத்தை இறுக்குங்கள். திருத்தியபின் உறை நீளும், 2.015 அங்குலத்தைத் தாண்டியவற்றை 2.005க்கு வெட்டி, வாயின் பிசிறை நீக்குங்கள். பெட்டியின் மூடியில் உறையின் பெயரையும், அது எத்தனையாவது மறுநிரப்பல் என்பதையும் எழுதி வையுங்கள். பழைய பிரைமரின் கசடில் ஈயம் இருப்பதால், சாப்பாட்டில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.