நட்பு நாட்டின் பாதுகாப்புத் துறைக்கு உதவ வேண்டுமா? சம்பளப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நம் நாட்டு இளைஞர்களோடு நட்பு நாடுகளைச் சேர்ந்தவர்களும் பயிற்சி பெறுவது சென்னைவாசிகள் அறிந்த செய்திதான். ஆப்கானிஸ்தானின் பெண் அதிகாரிகள் 2017 டிசம்பரில் அங்கு வந்து பயின்றபோது நாளிதழ்கள் அவர்களுடைய படங்களை வெளியிட்டு வாழ்த்தின. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் வசம் போனதும், இந்திய அகாடமிகளில் அப்போது படித்துக்கொண்டிருந்த ஆப்கன் இளைஞர்களுக்குத் திரும்பிச் சென்று சேர்வதற்கு ஒரு படையே இல்லாமல் போயிற்று. அவர்கள் பெற்ற பயிற்சியில் குறை ஏதும் இல்லை. அதைத் தாங்கிக்கொள்ள வேண்டிய நிர்வாகம்தான் அங்கே உறுதியாக இல்லை. ஒரு நட்பு நாட்டில் உறுதியான பாதுகாப்பு நிர்வாகம் உருவாக வெளியிலிருந்து எப்படி உதவலாம் என்பதை, இத்துறையில் திட்டம் வகுக்கப்போகும் மாணவர்களுக்காகவும் இளம் அதிகாரிகளுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நாட்டின் சம்பளப் பட்டியலைப் பாருங்கள். ஆயுதக் கோரிக்கைகளை அதற்குப் பிறகு பிரிக்கலாம். ஈராக்கின் மொசூல் நகரம் 2014 ஜூனில் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பிடம் வீழ்ந்த சில மாதங்களுக்குப் பின், தம் படையின் சம்பளப் பட்டியலில் பணிக்கே வராத 50,000 பேர் இருந்ததாக ஈராக் பிரதமர் ஹைதர் அல் அபாதி நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார். ஆப்கானிஸ்தானிலும் இதே நோய் இருந்தது. அந்நாட்டுப் படைகளுக்காக அமெரிக்கா 8,000 கோடி டாலருக்கும் மேல் செலவிட்ட பிறகும் அது தீரவில்லை. ஆள் எத்தனை பேர் என்பதே தெரியாத படைக்கு எத்தனை துப்பாக்கி, எத்தனை வேளை உணவு, எத்தனை வண்டி வேண்டும் என்று யாராலும் கணக்கிட முடியாது. ஆகவே ஆள் கணக்கெடுப்பு, அடையாளப் பதிவு, சம்பளம் வீரரின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்லும் முறை ஆகியவற்றை முதலாண்டு வேலையாக வையுங்கள். படைப்பிரிவின் தளபதியே ஆள் எண்ணிக்கையை எழுதி, அவரே பணத்தையும் வாங்கிப் பகிர்ந்து கொடுக்கும் வழக்கம் எங்கிருந்தாலும் அதை மாற்றுவதுதான் உங்களுடைய மிகக் கடினமான பணியாக இருக்கும், ஏனெனில் அந்த வழக்கத்தால் பயனடைபவர்களே பெரும்பாலும் பேச்சுவார்த்தை மேசையில் உங்களுக்கு எதிரே அமர்ந்திருப்பார்கள்.

இதை விளக்க நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. தேனாம்பேட்டையில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகத்தில் படைப்பிரிவுகளின் பில்களைப் பரிசீலித்துப் பணம் விடுவிப்பவர்கள் சீருடை அணியாத கணக்கு அதிகாரிகள். அவர்களுக்கும் மேலே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இருக்கிறார்; அவருடைய அறிக்கை நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவுக்குச் செல்கிறது. இந்த ஏற்பாட்டில் தாமதங்கள் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் செலவழிப்பவரும் சரிபார்ப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்ற அடிப்படையை, வருகை தரும் அதிகாரிகளுக்குப் பாடமாகச் சொல்வதைவிட, அந்தக் கோப்புகள் நகரும் விதத்தை ஒரு வாரம் உடனிருந்து பார்க்கச் செய்வது மேல் என்பது என் கருத்து.

அடுத்தது பராமரிப்பு. இந்தியா 2006இல் மாலத்தீவுக்கு வழங்கிய ரோந்துக் கப்பல் 'ஹுராவீ' பெரும் பழுதுபார்ப்புக்காக விசாகப்பட்டினத்துக்கு வர வேண்டியிருந்தது. 2023இல் அதற்குப் பதிலாக வேறொரு கப்பலே கொடுக்கப்பட்டது. கப்பலை அளிக்கும் நாளிலேயே எரிபொருள், உதிரி பாகம், கப்பலை நீரிலிருந்து வெளியே எடுத்துச் செய்யும் உலர்துறைப் பணி, மாலுமிகளின் தொடர்பயிற்சி ஆகியவற்றுக்கான பல்லாண்டுச் செலவைக் கணக்கிட்டு, அதில் எவ்வளவு பெறும் நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறும் என்பதை எழுத்தில் பெறுங்கள். ஆப்கன் விமானப் படை வெளிநாட்டு ஒப்பந்தத் தொழில்நுட்பர்களை நம்பியே இயங்கியதால், 2021இல் அவர்கள் வெளியேறியதும் விமானங்களைப் பராமரிக்கத் திணறியதை மறந்துவிடக் கூடாது. கிடங்கின் இருப்புப் பதிவேட்டை ஒழுங்காக எழுதும் உள்ளூர் அலுவலர்களை உருவாக்குவது புகைப்படத்துக்கு உகந்த பணி அல்ல. ஆனால் நான் திட்டம் வகுத்தால் பணத்தில் பெரும்பங்கை அங்கேதான் ஒதுக்குவேன்.

பயிற்சிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் திரும்பிய பின் எந்தப் பதவியில் எத்தனை ஆண்டுகள் இருப்பார் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். நீலகிரி மாவட்டத்து வெலிங்டனில் உள்ள முப்படை அதிகாரிகள் கல்லூரியில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டத்தோடு திரும்பும் வெளிநாட்டு அதிகாரி, கற்றதற்குத் தொடர்பில்லாத இடத்துக்கு மாற்றப்பட்டால் அவருடைய படிப்பால் அமைச்சகத்துக்குப் பயனில்லை. போர்த்திறனை மட்டும் கற்பித்து, மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்குப் படை சட்டப்படி கட்டுப்படும் ஒழுங்கைக் கவனிக்காமல் விடுவது ஆபத்தானதும்கூட. மாலி நாட்டில் 2012 மார்ச்சில் ஆட்சியைக் கவிழ்த்த கேப்டன் அமடூ சனோகோ அமெரிக்காவில் பலமுறை பயிற்சி பெற்றவர்.

இவை அனைத்துக்கும் அந்நாட்டு மக்களின் இசைவு வேண்டும். மாலத்தீவில் ஹெலிகாப்டர்களை இயக்கிவந்த இந்தியப் படையினர், அங்கே ஆட்சி மாறியபின் எழுந்த கோரிக்கையால், 2024 மே 10ஆம் தேதிக்குள் திரும்பினர். அவர்களுடைய இடத்துக்கு இந்தியாவிலிருந்து சீருடை அணியாத தொழில்நுட்பர்கள் சென்றனர். ஆகவே ஆளுங்கட்சியோடு மட்டும் பேசாமல், எதிர்க்கட்சியினரிடமும் நாடாளுமன்றக் குழுக்களிடமும் ஒப்பந்தத்தின் விவரங்களைத் தொடக்கத்திலேயே பகிருமாறு அந்த அரசைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆலோசகர்களை அனுப்பும்போது அவர்கள் திரும்பும் தேதியையும் சேர்த்தே குறியுங்கள். மூன்றாம் ஆண்டின் பாதுகாப்பு வரவுசெலவு மதிப்பீட்டை அந்நாட்டு அலுவலர்களே, அவர்களுடைய மொழியில், ஆலோசகரின் கை படாமல் தயாரிக்கட்டும். அதில் பிழைகள் இருந்தால் திருத்தி எழுதித் தராமல், எங்கே பிழை என்பதை மட்டும் குறித்து அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்.