அம்மாயியை வேனில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்

போன கிழமை கண்டி ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்துக்கு வெளியே ஒரு வேன் நின்றது. உள்ளே ஒரு வயதான அம்மா, மடியில் பிள்ளைகளின் ஸ்வெட்டர்களோடு. "படியேற ஏலாது தம்பி, அவங்க பாத்துட்டு வரட்டும்" என்றார். என் பழைய முட்டாள்தனம் அப்படியே கண்முன் உட்கார்ந்திருந்தது.

குடும்பத்தோடு மலைநாட்டுக்குப் போகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகளைத்தான் கீழே சொல்கிறேன். குடை, தண்ணீர்ப் போத்தல் பற்றியெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

அம்மாயியை வேனில் விடுவது

முன்பு நாங்கள் அங்கே போனபோது மாமிக்கு, அதாவது பிள்ளைகளின் அம்மாயிக்கு, முழங்கால் வலி, கட்டடமோ நாலு மாடி. "பழைய மிஷின்தானே, நீங்க இருங்க" என்று நானே முடிவு செய்தேன். 1925இல் கட்டிய தொழிற்சாலை அது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட கதையைப் பிள்ளைகளுக்கு வாத்தியார் மாதிரி ஒப்பித்தேன். கொட்டாவி விட்டார்கள். கொழுந்தை உருட்டிச் சுருட்டும் ரோலருக்குப் பக்கத்தில் மட்டும் மகள் நின்றாள்.

"இதுக்குள்ள கொழுந்த யாருப்பா கொட்டுவாங்க?"

"வேலைக்காரங்கதான்" என்று இழுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

திரும்பும்போது அவள் அம்மாயியிடம் அதையே கேட்டாள். "ஒங்க தாத்தாதான் கொட்டுனாரு. இருவது வருஷம் ரோலர்ல. சட்டையில ஏறுன கறை எந்தச் சவுக்காரத்துக்கும் போவாது." கம்பளையில் தொடங்கிய பேச்சு கினிகத்தேனை வரைக்கும் ஓடியது: காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களம், அரைநாள் சம்பளமான அரைப்பேர், தான் தேயிலை சலிக்கும் சல்லடையில் நின்ற காலம். பிள்ளைகள் கண் சிமிட்டவில்லை. ஆனால் தொட்டுக் காட்ட ரோலர் அங்கே இல்லையே!

அடுத்த லீவுக்குள் மாமிக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கிவிட்டது. இப்போது மகளையே பேர் மாற்றிக் கூப்பிடுகிறார். இன்னொரு வேனில் இன்னொரு கிழவியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். மேல்மாடி எதற்கு? ரோலர் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வையுங்கள், போதும். கம்பளைப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் உண்டு. தொழிலாளர் குடியிருந்த பழைய வரிசை வீடான லயத்தையே அப்படி ஆக்கியிருக்கிறார்கள். பெரியவர்கள் கூட வந்தால் நான் முதலில் அங்கேதான் போவேன்.

ஒரே நாளில் கண்டியும் நுவரெலியாவும்

கிலோமீட்டரை எண்ணாதீர்கள், வழியில் வரும் றம்பொடை மலைப்பாதை வளைவுகளை எண்ணுங்கள்.

தலதா மாளிகையில் கும்பிட்டதோடு திரும்புவது

புத்தரின் பல்லை வைத்திருக்கும் அந்த மாளிகைக்குப் பக்கத்திலேயே, மரத்தூண்கள் நிற்கும் மகுல் மடுவ என்ற அரசவை மண்டபம் இருக்கிறது. 1815 மார்ச் 2இல் கண்டி ராச்சியத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் அங்கேதான் நடந்தது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வம்சம். வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள், 1832இல் அங்கேயே செத்தான். "அப்ப நம்ம ஆளா?" என்று என் மகன் கேட்டான். அதற்குப் பதில் சொல்லக் குளக்கரையில் கடலை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

போயா (பௌர்ணமி) அன்று தலதா மாளிகை

வேண்டாம்.